ஸ்வரம் மாறும் இடம்

ஜப்பானிய பாப் பாடல்களில் மரபிசையின் ஒலி அரிதானதல்ல. கிடாருக்கு நடுவே ஷாமிசெனின் தந்தி நறுக்கென்று தெறிக்கும். ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழல் நீண்ட மூச்சு விடும். தாய்கோ முரசு நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும். 'வகாக்கி பேண்ட்' போன்ற குழுக்கள் இந்தக் கருவிகளை ராக் மேடையின் நடுவில் நிறுத்தியபோது உண்டான உற்சாகம் நிஜமானது. நானும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் கருவி வந்துவிட்டதாலேயே மரபு வந்துவிடாது. அந்த மரபு இல்லாவிட்டால் பாட்டு தன் பொருளையே இழந்துவிடும் என்ற நிலை வர வேண்டும். அப்படிப்பட்ட பாட்டு எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது 'ஷிமா உத்தா'. 'தி பூம்' என்ற குழுவுக்காக அதன் பாடகர் மியாசாவா கஸுஃபுமி எழுதி இசையமைத்தது; 1992இல் வெளிவந்த ஆல்பத்தில் முதலில் இடம்பெற்றது.

ஜப்பானியப் பொதுஜனப் பாட்டுக்கும் மரபுக்கும் உள்ள உறவு பழையது. 1914இல் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைத் தழுவிய நாடகத்துக்காக நாகயாமா ஷிம்பெய் 'கச்சூஷாவின் பாடல்' என்ற பாட்டை அமைத்தார். நடிகை மட்சுயி சுமாகோ மேடையில் பாடிய அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. மேற்கத்திய ஏழு ஸ்வரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் நீக்கிய ஐந்து ஸ்வர அமைப்பு அது. நம் காதுக்கு அதை அடையாளம் சொல்வது எளிது: மோகனத்தின் ஸ்வரங்கள். மேற்கின் இசைக்கருவிகளோடும் இசைந்து போகும், ஊர்ப்பாட்டுக்குப் பழகிய தொண்டைக்கும் ஒத்துவரும். பின்னால் வந்த எத்தனையோ ஜப்பானிய மெல்லிசைப் பாடல்கள் இந்த ஐந்து ஸ்வரப் பாதையில்தான் நடந்தன.

ஆனால் 'ஷிமா உத்தா' எடுத்தாளும், ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவின் ஸ்வரங்கள் வேறு. ஜப்பானிய மரபின் ஸ்வர அமைப்புகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியவர் இசையறிஞர் கொய்சுமி ஃபுமியோ (1927–1983). இந்தியாவுக்கு வந்து தங்கி நம் இசையையும் பயின்றவர். அவர் வகுத்த நான்கில் ஒன்று, ஒகினாவாவின் பழைய அரசின் பெயரைத் தாங்கிய ரியூக்யூ அமைப்பு. ஷட்ஜமம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம். ரிஷபமும் தைவதமும் கிடையாது. கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் மல்லாரி கேட்டுப் பழகியவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் இவை கம்பீரநாட்டையின் ஸ்வரங்கள். நடை வேறு, கமகம் வேறு, உணர்வு வேறு. ஆனாலும் ஷட்ஜமத்திலிருந்து காந்தாரத்துக்கும் பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும் போகும் அந்தப் பெரிய தாவல், தாவிய வேகத்தில் அரை ஸ்வரம் ஏறி மேலே ஒட்டிக்கொள்ளும் அந்த நெருக்கம், இரண்டிலும் உண்டு. ஒகினாவாப் பாட்டு சோகம் சொல்லும்போதும் வெளிச்சமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

அந்த ஸ்வரங்களைச் சுமக்கும் கருவி சன்ஷின். மூன்று தந்திகள், மலைப்பாம்புத் தோல் போர்த்திய சிறிய குடம், கருங்காலி வகை மரத்தில் செதுக்கிய கழுத்து. சீனத்திலிருந்து ரியூக்யூ அரசுக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஜப்பானியப் பெருநிலத்துக்குப் போய் ஷாமிசெனாக உருமாறியது. 1945இல் அமெரிக்கப் படையோடு நடந்த போர் ஒகினாவாவை அழித்தபின், முகாம்களில் அடைபட்ட மக்கள் காலி டப்பாவைக் குடமாக்கி, பாராசூட் நூலைத் தந்தியாக்கிச் சன்ஷின் செய்துகொண்டார்கள். 'கன்காரா சன்ஷின்' என்ற அந்தத் தகரக் கருவி இன்றும் அங்கே வாசிக்கப்படுகிறது.

மியாசாவா ஒகினாவாக்காரர் அல்லர். பெருநிலத்தில், மலை சூழ்ந்த யாமனாஷி மாவட்டத்தின் கோஃபு நகரில் 1966இல் பிறந்தவர். ஒகினாவாவில் ஹிமேயுரி அமைதி அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான் இந்தப் பாட்டின் விதை விழுந்தது. போர்முனை மருத்துவப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட 222 மாணவிகளின் வரலாற்றைச் சொல்லும் இடம் அது. ஆசிரியர்களையும் சேர்த்து 240 பேரில் 136 பேர் திரும்பவில்லை. பிழைத்து வந்த ஒருவரின் வாய்மொழியைக் கேட்டு, இதுவரை இதை அறியாமல் இருந்தோமே என்ற கோபத்தோடு வெளியே வந்தார். அந்தப் போரில் இரு தரப்பிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். 'காமா' எனப்படும் சுண்ணாம்புக் குகைகளில் ஒளிந்திருந்த குடும்பங்கள், சரணடையக் கூடாது என்று புகட்டப்பட்டதால் தங்களையே மாய்த்துக்கொண்ட கொடுமையும் நடந்தது.

பாட்டு தெய்கோ மரம் பூப்பதில் தொடங்குகிறது. நம்மூர் வேலியோரத்தில் சிவக்கும் கல்யாண முருங்கைதான் அது. தெய்கோ அதிகம் பூத்த ஆண்டில் புயல் அதிகம் என்பது ஒகினாவா நம்பிக்கை. மேலோட்டமாகக் கேட்டால் பூ, காற்று, கடல், பிரிந்துபோன இருவர் என்று ஒரு காதல் பாட்டு. தெய்கோ பூக்கும் ஏப்ரலில்தான் அமெரிக்கப் படை பிரதானத் தீவில் கரையேறியது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் புயலின் பெயர் புரியும். சன்ஷின் ரியூக்யூ ஸ்வரங்களில் பாட்டைத் திறந்து வைக்க, மியாசாவாவின் குரல் அதே ஸ்வரங்களில் மேலே ஏறுகிறது.

பிறகு கரும்புக் கொல்லை வருகிறது. அங்கே சந்தித்துக்கொண்ட இருவர், அதே கரும்புக்கு அடியில் என்றென்றைக்குமாகப் பிரிகிறார்கள். கரும்புக்கு அடியில் இருப்பது குகை. பாட்டின் மையமே இந்த இரண்டு வரிகள். இங்கே மியாசாவா ரியூக்யூ ஸ்வரங்களைக் கீழே வைத்துவிடுகிறார். மெட்டு மேற்கத்திய ஸ்வர வரிசைக்கு மாறுகிறது. அந்த இருவரைச் சாவுக்குத் தள்ளியது ஒகினாவா அல்ல, பெருநிலத்தின் போர்வெறி. ஆகவே அந்தச் சாவை ஒகினாவாவின் ஸ்வரங்களில் பாடத் தனக்கு மனம் வரவில்லை என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

ஒரு மரபை எடுத்தாள்வதில் இதைவிட நேர்மையான முறையை நான் அறியேன். காரணம் தெரியாமல் கேட்பவருக்கும் அந்த இடத்தில் வெளிச்சம் மங்குவது தெரியும். காரணம் தெரிந்தபின் கேட்டால், ஸ்வரம் மாறுவதே ஒரு வாக்குமூலமாக ஒலிக்கிறது. குற்றம் செய்தவர்களின் பக்கத்தில் பிறந்த ஒருவர், பறிகொடுத்தவர்களின் இசையை எதுவரை தொடலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று மெட்டிலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்.

ஒகினாவா மொழியில் பாடிய வடிவம் 1992 டிசம்பரில் வந்தது; மூல வடிவம் 1993 ஜூனில் தனித் தட்டாக வெளியாகிப் பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்றது. அர்ஜென்டினாவின் நகைச்சுவைக் கலைஞர் அல்ஃபிரெதோ காசேரோ இதை ஜப்பானிய மொழியிலேயே பாடினார். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அந்நாட்டு ரசிகர்களின் உற்சாகப் பாட்டாகவே அது ஆகிவிட்டது.

ஸ்வர அமைப்பில் இல்லாமல் தொண்டையில் மட்டும் மரபு குடியிருக்கும் பாட்டும் உண்டு. ஒகினாவாவுக்கு வடக்கே உள்ள அமாமி தீவில் பிறந்து, சிறு வயதிலேயே அத்தீவின் பாட்டு மரபில் பயின்றவர் ஹஜிமே சித்தோசே. அவருடைய 'வடட்சுமி நோ கி' 2002இல் வந்தது. மெட்டு புதியது, தாளத்தில் ரெகேயின் சாயல். ஆனால் அமாமிக்காரர்கள் 'குயின்' என்று சொல்லும் அந்தச் சுழிப்பு, குரல் நொடியில் பொய்க்குரலுக்குத் தாவி அதே நொடியில் இறங்கிவரும் வித்தை, வரிக்கு வரி கேட்கிறது. வேறொருவர் பாடினால் பாட்டு மிஞ்சும்; கடல் காணாமல் போகும்.

'ஷிமா உத்தா' பரவியபின் நாடெங்கும் சன்ஷின் கற்பவர்கள் பெருகினார்கள். கழுத்துக்கான 'குருச்சி' மரமோ ஒகினாவாவில் அருகிப்போய், வெளிநாட்டு மரத்தை நம்பும் நிலை. அந்தப் பெருக்கத்தில் தன் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று உணர்ந்த மியாசாவா, 2012இல் ஒகினாவாவின் யோமிதானில் குருச்சிக் கன்றுகள் நடும் பணியில் இறங்கினார். கழுத்து செதுக்கும் அளவுக்கு அது முதிர நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தே நட்டார். தீவுகளின் பாடகர்களைத் தேடிப்போய் இருநூறுக்கும் மேற்பட்ட நாட்டார் பாடல்களைப் பதிவும் செய்தார். மரபிலிருந்து எடுத்துக்கொண்ட பாப் பாடகர்கள் பலர். எடுத்ததற்கு ஈடாக அதன் வேருக்கே தண்ணீர் ஊற்றியவர்கள் சிலரே. கரும்புக் கொல்லை வரிகளில் ஸ்வரத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவர்தான் இதையும் செய்திருக்க முடியும் என்று நம்புகிறேன்.