சுமத்துவோர் யார்? – யஷ்பால் குழு அறிக்கையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏடுகளைச் சுமக்கும் கழுதை என்னும் உவமை திருமறையின் ஜும்ஆ அத்தியாயத்தில் வருகிறது. வேதத்தைப் பெற்றிருந்தும் அதன்வழி ஒழுகாதவர்களைக் குறித்து எழுந்த உவமை அது. அங்கே குற்றம் சுமப்பவரையே சாரும். ஏனெனில் அவர் வயதும் அறிவும் நிரம்பியவர். ஆனால், பால்மணம் மாறாத பாலகனின் முதுகில் புத்தகப் பையும் உள்ளத்தில் பொருள் விளங்காப் பாடமும் ஏற்றப்படும்போது குற்றம் யாரைச் சாரும்? சுமக்கும் குழந்தையைச் சாராது என்பது தெளிவு. அப்படியாயின் சுமத்துவோர் யார்?

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட அரசாங்க ஆவணங்களுள் முதன்மையானது, 1993 ஜூலையில் வெளிவந்த ‘சுமையின்றிக் கற்றல்’ என்னும் அறிக்கை. அதற்கு வித்திட்டவர் ஓர் எழுத்தாளர். நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் ஆற்றிய கன்னிப்பேச்சில் வேறெதையும் பேசாமல், பள்ளிப் பையின் பாரத்தால் கூனிப்போகும் குழந்தைகளைப் பற்றியே பேசினார். அதன் எதிரொலியாக 1992இல் மத்திய அரசு, விஞ்ஞானி பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பக்க அளவில் சிறியது அக்குழுவின் அறிக்கை, பயனில் பெரியது.

அறிக்கையின் தலையாய சிறப்பு, நோயின் வேரைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. பையின் பாரம் கண்ணுக்குத் தெரிவது. அதனினும் கொடியது, படிப்பது விளங்காமையால் உள்ளத்தில் ஏறும் பாரம் என்று அது நிறுவியது. பாடநூலில் செய்திகள் திணிக்கப்பட்டுள்ளன; நூலெழுதும் அறிஞர்கள் வகுப்பறைக்கு வெகு தொலைவில் இருக்கிறார்கள்; கற்பிக்கும் ஆசிரியருக்கோ நூலாக்கத்தில் பங்கில்லை என்று குறைகளை அடுக்கியது. மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது. அப்பருவத்தில் பாடநூலும் வீட்டுப்பாடமும் வேண்டா. ஓர் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைக்கலாகாது, அதனையும் முப்பதாகக் குறைக்க முயல வேண்டும் என்றெல்லாம் வழி கூறிற்று.

அதன்பின் நடந்தவை கலவையானவை. தமிழகத்தில் 2012–13ஆம் கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடநூல்கள் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டன. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அவ்விரு வகுப்புகளுக்கும் பையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மிகக்கூடாது என மத்திய அரசு சுற்றறிக்கை விடுத்தது. மறுபுறம், 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளை பொதுத்தேர்வு எழுதுவதா என்று கல்வியாளர்களும் பெற்றோரும் குரலெழுப்பினர். 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆக, ஒரு கை இறக்கிவைத்த சுமையை மறு கை ஏற்ற முனைந்ததே இக்கால வரலாறு. நூலை மூன்றாகப் பகுத்தால் முதுகின் பாரம் குறையும். விளங்காமையின் பாரம் அதனால் மட்டும் குறைந்துவிடாது.

சட்டத்தில் இன்னொரு வாயிலும் திறந்தே கிடக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. சுமையோ மூன்று வயதில் தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டின் எலும்புகள் இன்னும் முழுமையாக உருப்பெறாத எல்.கே.ஜி. குழந்தை, கோடு பிசகாமல் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமாம். எங்கள் காவிரிக் கரையில் நாற்றின் வயதறியாமல் எந்த உழவரும் நடவுக்கு இறங்குவதில்லை. குறுவைக்கு இத்தனை நாள், சம்பாவுக்கு இத்தனை நாள் என்று கணக்குண்டு. முந்திப் பறித்த நாற்று நீரில் அழுகும் என்பதை அறிந்த மண்ணில், பிள்ளையை மட்டும் முந்திப் பறிப்பது என்ன நீதி?

இனி, அறிக்கை ஆராயப் புகாத ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். சுமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ‘மனப்பாடமே தீது’ என்றொரு குரலும் உடன் எழுகிறது. அதனை ஏற்பதற்கில்லை. மனனத்தையே முதுகெலும்பாகக் கொண்டது எங்கள் மதரஸாக் கல்வி. ஆனால் அந்த மனனத்துக்கு முறையுண்டு. குர்ஆனை ஹிப்ழு செய்யும் மாணவர், அன்றைய சபக்கை உஸ்தாதின் முன்னமர்ந்து தனியே ஓதிக் காட்டுகிறார். நேற்றைய பாடம் உறுதிப்படாமல் இன்றைய பாடம் தரப்படுவதில்லை. ஒருவருக்கு ஒரு பக்கம், மற்றொருவருக்கு மூன்றே வரி. அவரவர் ஆற்றலே அளவு. பழைய பாடங்களைத் திரும்ப ஓதுவதற்கென்றே நேரமுண்டு. திருமறையே ஒரே நாளில் இறங்கவில்லையே! இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அருளப்பட்டது. உள்ளத்தை உறுதிப்படுத்தவே அவ்வாறு இறக்கப்பட்டதென்று அம்மறையே காரணமும் கூறுகிறது.

பள்ளிக்கூடம் மதரஸாவிடமிருந்து மனனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டது. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே பாடம். விளங்கியவனும் விளங்காதவனும் ஒருசேர அடுத்த பாடத்துக்கு நகர வேண்டும். மேலும், இறைவசனத்தைப் பொருளறியாது ஓதினாலும் அது வணக்கமாகும். ஒளிச்சேர்க்கையின் இலக்கணத்தைப் பொருளறியாது ஒப்பிப்பதால் எந்த நன்மை எழுதப்படும்? சுற்றிலும் பச்சை வயல் விரிந்து கிடக்க, ஓர் இலையையேனும் கையிலெடுத்துப் பாராமல் அப்பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளை இந்த ஐயாற்று மண்ணிலேயே காண்கிறோம்.

இதே ஊரில் இன்னொரு மனன மரபும் உண்டு. ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனையின்போது திருவையாற்றுக் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான பாடகர்கள் ஒன்றுகூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். அவர்களுள் எவரும் கீர்த்தனையில் தொடங்கியவரல்லர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறி வந்தவர்கள். சரளி பாடும் சிறுமியிடம் எந்தக் குருவும் பஞ்சரத்தினத்தைக் கேட்பதில்லை.

அந்நாளைய திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் நெல்லிலக்கம் ஒப்பித்தார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பது வாய்ப்பாடு. வாயால் சொன்னதை மாலையில் களத்துமேட்டில் கண்ணாலும் கண்டார்கள். அப்பள்ளிகளில் பிரம்பின் ஆட்சி கொடிதாயிருந்தது; எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அவற்றின் கதவு திறக்கவுமில்லை. அவற்றைப் போற்றி மீட்க வேண்டுமென்பது என் கருத்தன்று. ஒப்பித்தலும் பொருளும் ஒட்டி நின்றன என்ற ஒன்றை மட்டும் குறிக்கிறேன்.

நம் முன்னோர் இதனை உணராதவரல்லர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கல்வியில் அழுத்தினால் அதன் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும் என்ற கருத்தை இஹ்யாவில் எழுதினார். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கல்வியைப் படிப்படியாகத் தருவதே பயன் தரும் என்றார்; கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்க்கும் சூதுக்கும் பழகும் என்றும் எச்சரித்தார். குர்ஆனைத் தொடக்கத்திலேயே ஓதுவிப்பதா, மொழியும் கணக்கும் பயின்றபின் ஓதுவிப்பதா என்று காழி அபூபக்ர் இப்னுல் அரபி எழுப்பிய வினாவையும் அவர் மறைக்காமல் எடுத்துரைக்கிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர்கள் அஞ்சாமல் விவாதித்ததை நாம் இன்று பேசத் தயங்குவது ஏன்?

யஷ்பால் குழுவின் பார்வை பாடத்திட்டம் வகுப்போரிடமே பெரிதும் சென்றது. அது நியாயமே. எனினும் சுமத்துவோரின் பட்டியல் அங்கே முடிவதில்லை. நம் இல்லங்களில் ஒரு சிறுவனின் நாளைக் கணக்கிடுங்கள். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் மக்தப். எட்டு மணிக்குப் பள்ளி வேன். நான்கு மணிக்கு வீடு. ஐந்து மணிக்கு டியூஷன். மஃரிபுக்குப் பின் வீட்டுப்பாடம். இந்த நாளை வகுத்தது எந்த அரசாங்கமும் அன்று, நாம்தாம். ‘எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.யிலேயே இத்தனை புத்தகம்’ என்று விளம்பரம் செய்யும் பள்ளியின் முன் வரிசையில் நிற்பவரும் நாம்தாம். தேவை குறைந்தால் சரக்கும் குறையும் என்பதை வணிகச் சமுதாயமாகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறு பணித்த அண்ணலார் (ஸல்) அவர்கள், வயதுக்கேற்ற கடமை எது என்பதையும் அதனுள் காட்டியிருக்கிறார்கள். மார்க்கமே காத்திருக்கும் வயதில் மதிப்பெண் காத்திருக்கலாகாதா?

நம் கைக்குள் இருப்பவை சில உண்டு. ஏழு வயதுக்குட்பட்டோருக்கு மக்தப் பாடத்தை அரைமணி நேரமாகச் சுருக்கலாம். சூராக்களோடு நபிமார் வரலாற்றைத் தாய்மொழியில் கதையாகச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்பு வரை டியூஷன் இல்லையென்று வீட்டில் தீர்மானிக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தெருவுக்கும் திடலுக்கும் விட்டுவிடலாம். மழலையர் பள்ளி நடத்தும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் ஒருமுறை கூடி, எழுத்துப் பயிற்சி நூல்களை ஒதுக்கிவிட்டு மணலையும் களிமண்ணையும் கதைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. முத்தவல்லிமாரின் கையொப்பம் போதும். அந்தக் கூட்டத்தைக் கூட்டுமாறு அவரவர் மஹல்லாவில் கேட்க வேண்டிய பொறுப்பு, இதை வாசிக்கும் ஒவ்வொரு தாய் தந்தைக்கும் உண்டு.