தோலே மூலதனம்!

"ஆசிரியர் கையில் இதுவா?" என்றார் பெரியவர் ஒருவர். பள்ளியின் ஓய்வறையில், நம் மேசைமீது கிடந்த நூலின் அட்டையைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது. அவரைக் குறை கூறோம். நூலின் பெயரே ஒரு வசைச்சொல். 'டிரிக் பேபி' என்றால், விலைமகளிடம் வந்துபோன எவனுக்கோ பிறந்த பிள்ளை என்று அமெரிக்கத் தெருக்களிலே பொருள். எழுதியவரோ பெண்களை விற்றுப் பிழைத்தவர்; சிறைக் கதவுகளைப் பலமுறை கண்டவர். உள்ளே இருப்பவை எத்தர்களின் கதை, கொச்சை மொழி, குருதி. இதை ஏன் படிக்கிறீர் என்று அவர் கேட்டார். அன்று சிரித்து மழுப்பினோம். தோழர்களே, இன்று விடை கூறுகிறோம்.

ராபர்ட் பெக் என்பது அவர் பெயர். தெரு அளித்த பெயர் ஐஸ்பர்க் ஸ்லிம். 1918ஆம் ஆண்டு சிகாகோ நகரிலே பிறந்த கறுப்பர். கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த டஸ்கீகி கல்லூரியில் சேர்ந்தார், நிலைக்கவில்லை. கல்லூரி தராத கல்வியைத் தெரு தந்தது, தெரு தந்த கல்விக்குச் சிறை பட்டமளித்தது! 1960இல் சிகாகோ சிறையின் தனிக்கொட்டடியில் பத்து மாதம் கிடந்தார். வெளிவந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, வீடு வீடாகப் பூச்சிமருந்து அடித்து வயிறு வளர்த்தார். 1967இல், ஐம்பதை நெருங்கும் வயதில், தம் வாழ்க்கை வரலாற்றையும் அதே ஆண்டில் 'டிரிக் பேபி' புதினத்தையும் வெளியிட்டார். வாழ்க்கை வரலாறுதான் பெரும்புகழ் பெற்றது. நமக்கோ புதினமே பெரிதாகப் படுகிறது. முன்னதிலே இழிதொழிலின் வீரப்பிரதாபம் மிகுதி.

புதினத்தின் தலைவன் நீலக் கண்ணன், வெளிர் முடியன், வெண்ணிறத்தான். ஆயினும் அவன் கறுப்பன். தாய் கறுப்பினப் பெண், தந்தை வெள்ளையன். 'வெள்ளைக்காரன்' என்ற பொருளிலே 'ஒயிட் ஃபோக்ஸ்' என்று அவனுக்குத் தெரு பட்டம் சூட்டிற்று. வெள்ளையர் தெருவில் நடந்தால் எவரும் ஏறெடுத்துப் பாரார். வாயைத் திறந்து தாயின் பெயரைச் சொன்னால் விரட்டுவர். கறுப்பர் தெருவிலோ அந்தத் தோலைக் கண்டதுமே, நூலின் தலைப்பாய் நிற்கும் வசைச்சொல் எழும். இப்படி இரு கரைக்கும் ஆகாதவனை மகனைப் போல் ஏற்றுக்கொள்கிறான் புளூ ஹோவர்ட் என்னும் முதிய கறுப்பின எத்தன். தொழிலும் கற்பிக்கிறான்.

என்ன தொழில்? எத்துத் தொழில்களில் மிகப் பழையதொன்றைச் சொல்வோம். 'பிஜன் டிராப்' என்பர். தெருவில் ஒரு பணப்பை கிடக்கிறது. "கண்டெடுத்தேன், என்ன செய்வது?" என்று வழியே போகும் ஓர் ஏமாளியிடம் ஒருவன் கேட்கிறான். யாரோ ஓர் அயலான்போல் வந்து சேர்கிறான் அவன் கூட்டாளி. மூவரும் பங்கிட்டுக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரன் தேடி வருகிறானா என்று சில நாள் பொறுத்திருக்க வேண்டும், அதுவரை பொறுக்கத்தக்க வசதி உள்ளவர் என்பதற்குச் சான்றாக, ஒவ்வொருவரும் சொந்தப் பணத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஏமாளி வங்கிக்கு ஓடுகிறான். பணம் உறைக்குள் போகிறது. உறை கைமாறுகிறது. அவன் வீட்டிலே பிரித்துப் பார்த்தால் செய்தித்தாள் துண்டுகள்!

டேவிட் மாரர் என்னும் மொழியியல் பேராசிரியர், எத்தர்களோடு பழகி அவர்கள் பேச்சை ஆராய்ந்து, 1940இல் ஒரு நூல் எழுதினார். குறுக்கு வழியில் வரும் ஊதியத்துக்கு ஆசைப்படுகிறவனே வலையில் விழுகிறான் என்பது அதிலே தெளிவு. நம் புதினம் அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. ஏமாளியின் ஆசை மட்டும் போதுமா? அந்த இருவரும் கூட்டாளிகள் என்ற ஐயம் எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடுமே! ஏன் எழவில்லை? ஒருவன் கறுப்பன், மற்றவன், பார்வைக்கு, வெள்ளையன். கறுப்பனும் வெள்ளையனும் தோள்மேல் கைபோட்ட தோழர்களாக இருத்தல் கூடும் என்பது அந்தச் சமுதாயத்தின் கனவிலும் தோன்றாதது. அந்தக் குருட்டுத்தனந்தான் எத்தர் இருவரின் மூலதனம். பகையைச் சமுதாயம் முதலீடு செய்தது. வட்டியை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாம் இந்நூலைக் கீழே வைக்காமல் படித்தது இதற்காகத்தான்.

அவன் வெள்ளையன்போல் நடித்தான், ஆகவே பொய்யன் என்பர் சிலர். அப்படியானால் அவன் சொல்லத்தக்க மெய் எது? சட்டத்தைக் கேட்போம். 1892இல் லூசியானா மாநிலத்திலே, ஹோமர் பிளெசி என்னும் செருப்புத் தொழிலாளர் வெள்ளையருக்கான இரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவர் முன்னோரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். தாம் கறுப்பர் என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் அவரைக் கைது செய்தார்கள்! கண்ணுக்குத் தெரியாத கறுப்பைக் காதால் கேட்டறிந்த அந்தச் சட்டத்தை, 1896இல் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாகும் என்றது.

வர்ஜீனியாவின் கதை இன்னும் வேடிக்கை. 1924இல் அங்கே 'இனத் தூய்மை'ச் சட்டம் இயற்றினார்கள். வெள்ளையரல்லாத குருதி ஒரு துளியும் கலவாதவனே வெள்ளையன் என்று முழங்கினார்கள். முழங்கிய பிறகு விழித்தார்கள். மாநிலத்தின் மேட்டுக்குடிகளில் பலர், பொக்காஹோன்டஸ் என்னும் செவ்விந்தியப் பெண்ணின் வழிவந்தோம் என்று பெருமை பேசிவந்தவர்கள்! சட்டப்படி அவர்கள் கதி? பதினாறில் ஒரு பங்குவரை செவ்விந்தியக் குருதி இருந்தால் குற்றமில்லை என்று விலக்கு எழுதிக்கொண்டார்கள். உறையை மாற்றிய கைக்கும் இந்தக் கைக்கும் என்ன வேறுபாடு? பிறப்பைக் கேட்டறிந்து பிறகு பேசும் வழக்கம் நம் வாசகருக்குப் புதிதன்று. அதைப்பற்றி நாம் கூறவேண்டியதுமில்லை. வர்ஜீனியாவில் அந்தச் சட்டத்தின் கலப்புமணத் தடை வீழ்ந்தது 1967 ஜூன் 12இல். 'டிரிக் பேபி' வெளிவந்ததும் அதே 1967இல்.

இவ்வளவு புகழ்ந்த நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. தலைவனின் தாய் ஃபேலா. மகனை வசையிலிருந்து காக்க முயன்றவள் அவள். அவளைக் கும்பலொன்று சிதைக்கிறது. அவள் மனம் உடைகிறது. மகனின் துயருக்குக் காரணம் வேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் அவளை அழித்தார் என்று தோன்றுகிறது. அவள் என்ன எண்ணினாள், வெள்ளையனை ஏன் மணந்தாள், அந்த மணத்தில் என்ன கண்டாள் என்று ஒரு பக்கம் அவள் பேசியிருந்தால் நூல் எங்கோ உயர்ந்திருக்கும். நூலில் வரும் மற்றப் பெண்களும் ஆடவரின் ஆசைக்கோ அச்சத்துக்கோ பயன்படுகிறவர்களே. நிறம் என்னும் பொய்யை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்காட்டிய கை, ஆண் என்னும் செருக்கைத் தொடவில்லை. பெண்களை விற்ற கை அல்லவா? பழக்கம் விடவில்லை. பெரியவரின் சுளிப்பிலே நாம் ஏற்கும் பகுதி இதுதான். கொச்சை மொழியைப் பற்றி அவர் பட்ட கவலையன்று.

1929இல் நெல்லா லார்சன் என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர், வெள்ளையராக வாழப் புகுந்த பெண்ணொருத்தியைப் பற்றி 'பாசிங்' என்ற புதினம் எழுதியுள்ளார். தெருவின் கதையன்று, வரவேற்பறையின் கதை. ஃபேலா பேசாததை அங்கே பெண்கள் பேசுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்போம்.

பெக்கின் நூல்கள் மலிவுப் பதிப்பாக வெளிவந்து, கறுப்பர் பகுதிகளிலே கைக்குக் கை மாறின. வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர்கள் வெள்ளையர்கள். அதே தலைவனை வைத்து 1977இல் இன்னொரு புதினமும் எழுதினார் பெக், 1992இல் மறைந்தார்.

1972இல் 'டிரிக் பேபி' திரைப்படமாயிற்று. சிகாகோவின் கதையை பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். முதிய எத்தன் புளூவாக மெல் ஸ்டூவர்ட் என்னும் கறுப்பின நடிகர் நடித்தார். வெள்ளையனாகத் தோன்றும் கறுப்பனாக நடித்தவர் கீல் மார்ட்டின். அவர் வெள்ளையர். வெள்ளையனாக நடிக்கும் கறுப்பனாக ஒரு வெள்ளையர் நடிக்க, சீட்டு வாங்கி அமர்ந்த மக்கள் அவரைக் கறுப்பர் என்று நம்ப வேண்டும்!