முதுகுக்குப் பின்னே டர்போ

டொயோட்டா எம்ஆர்2 டர்போவில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், முதுகை ஒட்டியே இருக்கிறது. ஜப்பானின் ஹக்கோனே மலைச்சாலையில் ஏறும்போது அதன் உறுமலைக் காதுக்கு முன்பே முதுகு உணர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சின்னத் தயக்கம், டர்போவின் மெல்லிய சீழ்க்கை, பிறகு இருக்கையோடு சாய்த்துவிடும் அந்த உந்தல்! முன்பக்கம் பாரம் குறைவு. சாலையின் சொரசொரப்பெல்லாம் ஸ்டியரிங் வழியே விரல்களுக்கு வந்துவிடுகிறது.

ஓட்டுபவரிடம் இது நிதானத்தைக் கேட்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடிக்க வேண்டும். நடுவில் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். காலைப் பதமாக ஊன்றியிருந்தால், டயர்கள் தார்ச்சாலையை இறுகப் பற்றி வழுக்கலின்றி வளைந்து செல்லும். 1990களின் இந்த வண்டியை இன்றும் வைத்திருப்பவர்கள் பழைய ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வேகமாக ஓட்டி வந்தபின் டர்போ சூடு தணியும்வரை எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார்கள். அந்த அக்கறைக்கு முழுத் தகுதியுள்ள வண்டிதான் இது.