கறிவேப்பிலைக்கு எந்த ரைமர்?

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் 1960களில் எழுந்த வாடகை அடுக்குமாடிகளில் ஹீற்றர் பெரும்பாலும் கட்டட நிர்வாகத்தின் கையில்தான். ஸ்மார்ட் தெர்மோஸ்டாற் வாங்கினாலும் பூட்ட இடமில்லை. அதனால் இங்கே பலருக்கு ஸ்மார்ட் வீடு ஒரு பிளக்கோடு தொடங்குகிறது. பனிக்காலத்தில் ஜன்னலோரக் கறிவேப்பிலைச் சாடிக்கு எரியும் விளக்கில் ஒரு வைஃபை பிளக்கையும் ஒரு பற்சக்கர ரைமரையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தேன்.

வைஃபை பிளக் கெட்டிக்காரன். ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் பின்னேரம் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம். அதற்கேற்பத் தானே நேரத்தை மாற்றிக்கொள்கிறது. வேலையில் இருந்தபடியே போனில் அணைக்கலாம். ஆனால் 2.4 கிகாஹேட்ஸ் மட்டுமே பிடிக்கும். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெரிபடுவதால் இடைக்கிடை தொடர்பு அறும். ரவுட்டரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

ரைமரின் வட்டம் 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் சுற்றும். கால் மணிக்கு ஒன்றாக 96 பற்கள். வேண்டியதை அமத்திவிட்டால் போதும். கரண்ட் நின்றால் அவ்வளவு நேரம் பின்தங்கும். மணிக்கூட்டை மாற்றும் மார்ச்சிலும் நவம்பரிலும் கையால் திருப்ப வேண்டும். இரவில் மெல்லிய இரைச்சல் வேறு, படுக்கையறைக்குச் சரிவராது.

ஆயுள் என்று வந்தால் கதை மாறும். ரைமர் பற்சக்கரம் தேய்ந்தால்தான் சாகும். ஸ்மார்ட் சாமானின் ஆயுளைக் கொம்பனியின் சேர்வர் தீர்மானிக்கிறது. 2011இல் வந்த முதல் நெஸ்ட் தெர்மோஸ்டாற்றுக்கு 2025 ஒக்டோபர் 25இல் கூகுள் ஆதரவை நிறுத்தியது. பெல்கின் தன் வீமோ சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31 எனத் தவணை குறித்தது. இரண்டிலும் கையால் இயக்குவது தொடரும், கொம்பனியின் செயலி கைவிடும். 1953இல் வந்த ஹனிவெல் வட்ட தெர்மோஸ்டாற்றுக்கோ உள்ளே ஓர் உலோகச் சுருளும் பாதரச ஆளியும்தான். ஆதரவை நிறுத்த யாருக்கும் வழியில்லை.

நேரத்துக்கு எரிந்து அணைந்தால் போதுமென்றால் ரைமரே போதும். போனில் இயக்க வேண்டுமென்றால் ‘மேட்டர்’ அடையாளம் உள்ளதைத் தேடுங்கள். 2022இல் வந்த இந்தப் பொதுத் தரத்தில் கட்டளை வீட்டு வலையமைப்புக்குள்ளேயே போகும். ஒரு கொம்பனி கைவிட்டாலும் இன்னொன்றின் ஹப்பில் சேர்க்கலாம்.

வாங்கியதும் நேரத்தைப் பதிந்துவிட்டு இணைய இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். நான் சோதித்த பிளக்கில் விளக்கு நேரத்துக்கு எரிந்தது. உங்களுடையது எரியாவிட்டால், றிசீற்றோடு கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.