வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள்

எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் தலைவர் டிம் ஸ்வீனி 2024-இல் தம் கணினிக் கேம் கடையின் வரவு செலவைத் திரும்பிப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார். தங்கள் கடையில் மட்டும் விற்கப் பெரும்பணம் கொடுத்து வளைத்த பிரத்தியேக வெளியீடுகள் பலவும் நல்ல முதலீடாக அமையவில்லை. ஆனால் வாராவாரம் இலவசமாகக் கேம் கொடுத்தது மாயம்போல் வேலை செய்தது என்றார். முகநூலிலும் கூகுளிலும் விளம்பரம் செய்து ஓர் ஆளைப் பிடிக்க ஆகும் செலவில் கால்வாசியே போதுமாம். முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாம் பாதியை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வதுதான் உறுத்துகிறது.

எபிக்குக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடை விற்பனையில் 30 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டிருந்த சந்தையில் 2018 டிசம்பரில் 12 சதவீதத்தோடு எபிக் கடை திறந்தது நல்ல விஷயம். அதற்குச் சில நாள் முன்னதாகவே, பெரிய அளவில் விற்கும் கேம்களுக்கு மட்டும் 25, 20 என்று ஸ்டீம் இறங்கி வந்தது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 இலவசமானபோது கூட்டம் தாங்காமல் எபிக்கின் தளம் மணிக்கணக்கில் படுத்துவிட்டது. கையில் காசில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ‘ஒரிஜினல்’ கேம். சிறு ஸ்டுடியோக்களுக்கு ஒரு தொகை மொத்தமாகக் கிடைத்தது. இவை எதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் இலவசம் ஆளைக் கொண்டுவந்ததா, கணக்கை மட்டும் கொண்டுவந்ததா?

ஆப்பிளோடு எபிக் நடத்திய வழக்கில் 2021-இல் வெளியான ஆவணங்கள், இலவசங்களின் முதல் ஒன்பது மாதக் கணக்கை நமக்குக் காட்டின. 38 கேம்களுக்கு எபிக் கொடுத்தது சுமார் 1.16 கோடி டாலர். வந்து சேர்ந்த புதிய கணக்குகள் ஏறத்தாழ 50 லட்சம். தலைக்கு 2.37 டாலர். இந்த எண்ணைத்தான் மலிவு என்று கொண்டாடுகிறார்கள். விளம்பரத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் வாங்கிய சரக்கு என்ன என்று பார்க்க வேண்டாமா?

எபிக் ஆண்டுதோறும் தானே வெளியிடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2019-இல் கணினியில் 10.8 கோடி கணக்குகள். பிற நிறுவனங்களின் கேம்களுக்கு அங்கே செலவான தொகை 25.1 கோடி டாலர். 2024-இல் கணக்குகள் 29.5 கோடி, அந்தச் செலவு 25.5 கோடி. ஐந்து ஆண்டுகளில் கூட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கானது, கல்லாப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. இடையில் 2022-இல் 35.5 கோடி வரை ஏறிவிட்டு மறுபடி இறங்கியது. கணக்கு ஒன்றுக்கு 2.32 டாலராக இருந்தது 86 சென்ட் ஆகிவிட்டது. அதில் எபிக்கின் 12 சதவீதப் பங்கு பத்து சென்ட். 2.37 டாலர் கொடுத்துப் பிடித்த ஆளிடம் ஆண்டுக்குப் பத்து சென்ட் வசூலித்தால் போட்ட காசை எடுக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். பல கணக்குகள் செத்துப்போனவை, அவற்றையும் சேர்த்து வகுப்பது நியாயமா என்று கேட்கலாம். செத்துப்போயின என்பதுதானே என் புகார்!

அதே 2024-இல் எபிக் 89 கேம்களை இலவசமாகக் கொடுத்தது, 59.5 கோடி முறை மக்கள் அவற்றை அள்ளிக்கொண்டார்கள். நம் ஊர் நேரத்துக்கு வியாழன் இரவு எட்டரை மணி, குளிர்காலமானால் ஒன்பதரை. எபிக்கின் லாஞ்சரைத் திறப்பது, இலவசத்தைக் கணக்கில் சேர்ப்பது, மூடுவது. அவ்வளவுதான் சடங்கு. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மொய் எழுத அடுத்த மண்டபத்துக்குப் போகிறார்கள். அந்த அடுத்த மண்டபம் ஸ்டீம். எபிக்கில் இலவசமாகக் கிடைத்த கேமையே, பிடித்துப்போனால், ஸ்டீமில் தள்ளுபடிக்கு வரும்போது காசு கொடுத்து மறுபடி வாங்குகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனம். விளையாடுகிறவருக்கு அப்படி இல்லை.

ஸ்டீம் மீது யாரும் காதலோடு பிறக்கவில்லை. 2004-இல் ஹாஃப்-லைஃப் 2 விளையாட வேண்டுமானால் ஸ்டீம் போட்டே ஆக வேண்டும் என்று வால்வ் கட்டாயப்படுத்தியபோது திட்டாத ஆளில்லை. பிரத்தியேக வெளியீடு என்ற பாவத்தை எபிக்கின் தலையில் மட்டும் கட்டுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன: நண்பர்கள் பட்டியல், வாங்கியவர்களின் விமர்சனம், ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றங்களான மாட்களுக்கான வொர்க்‌ஷாப். 2015-இலிருந்து, வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பித் தருகிறார்கள். ஒரு கேம் குப்பையா இல்லையா என்று காசு கட்டுவதற்கு முன்பே ஆயிரம் பேர் சொல்லிவிடும் இடம் அது. விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி, இத்தனையையும் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாத சோம்பல். அந்தச் சோம்பலை இலவசத்தால் அசைக்க முடியாது. இங்கே இருப்பதெல்லாம் அங்கேயும் இருந்தால்தான் அசைக்க முடியும்.

எபிக் என்ன செய்தது? கடை திறந்து மூன்று ஆண்டு, 2021 டிசம்பர் வரை, அங்கே ஷாப்பிங் கார்ட் கிடையாது. இரண்டு கேம் வேண்டுமென்றால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டும். 2019-இன் முதல் பெரிய தள்ளுபடியில், அடுத்தடுத்துப் பல கேம் வாங்கியவர்களை மோசடிக்காரர்கள் என்று நினைத்து கடையின் அமைப்பே தடுத்தது. காசு கொடுக்க வந்தவனை நிறுத்திவைத்துவிட்டு, கொடுக்காதவனுக்கு வாராவாரம் விருந்து! 2024 முடிந்தபோதும், வாங்கியவர் நாலு வரி எழுதிவைக்க ஒரு விமர்சனப் பகுதி அங்கே இல்லை. சிலரைத் தானாகத் தேர்ந்தெடுத்து நட்சத்திர மதிப்பெண் கேட்பதோடு சரி.

இலவசத்தால் விற்பனை கெடுவதில்லை, கேமின் பெயர் பரவி விற்பனை கூடவே செய்கிறது என்கிறார் ஸ்வீனி. சில கேம்களுக்கு அப்படி நடந்திருக்கும். மேலே சொன்ன 25.5 கோடியைப் பார்த்தால் கடை முழுவதற்கும் அப்படி நடந்ததாக நம்ப முடியவில்லை. ‘எப்படியும் ஒருநாள் எபிக்கில் சும்மா வரும், பொறு’ என்பது விளையாடுகிறவர்களிடையே இன்று சாதாரணப் பேச்சு. சிறு ஸ்டுடியோ ஒன்றின் 500 ரூபாய் கேமைப் பார்த்து இப்படிச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. படைப்பாளிக்கு 88 சதவீதம் தருகிறோம் என்று மார்தட்டிய கடை, காசு கொடுக்காமல் காத்திருப்பதையே தன் வாடிக்கையாளருக்குப் பழக்கிவிட்டது. நூறு பிரதி விற்று 88 சதவீதம் வாங்குவதா, ஆயிரம் விற்று 70 சதவீதம் வாங்குவதா என்றால் ஸ்டுடியோக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். 2025 ஜூன் முதல், ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டின் முதல் பத்து லட்சம் டாலருக்குக் கமிஷனே வேண்டாம் என்று எபிக் இறங்கிவிட்டது. 12 சதவீதம் மட்டும் ஆளை இழுத்திருந்தால் இதற்குத் தேவை வந்திருக்காது.

இத்தனையும் எந்தக் காசில் நடக்கிறது? எபிக்கின் சொந்தக் கேமான ஃபோர்ட்நைட்டில் உடை வாங்கும் சிறுவர்களின் காசில். கூகுளுக்கு எதிரான வழக்கில், 2023 நவம்பரில், கடை இன்னும் லாபம் பார்க்கவில்லை என்று அதன் பொறுப்பாளரே சாட்சி சொன்னார். அதற்கு முன்பு, செப்டம்பரில், வருமானத்துக்கு மேல் செலவாகிறது என்று சொல்லி, எபிக் சுமார் 830 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. இலவசக் கேம் மட்டும் எந்த வியாழனும் நிற்கவில்லை.