செவிக்குரிய நாடகமும் கண்ணுக்குரிய நாடகமும்: ‘மெட்டி ஒலி’, ‘சுழல்’ ஆகியவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

தொல்காப்பியர் செய்யுளியலில் 34 உறுப்புகளைத் தொகுத்துரைக்கின்றார். கேட்போர், களன், காலம் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். அங்குக் கேட்போர் என்பது செய்யுளினுள் ஒருவர் கூற்றைக் கேட்கும் மாந்தரையே குறிக்கும். ஆயினும், யார், எங்கிருந்து, எப்பொழுது கேட்கின்றார் என்பது படைப்பிற்குப் புறத்தே நிற்கும் செய்தியன்று, அதன் உறுப்பே என்னும் சிந்தனையை அதிலிருந்து நாம் விரித்துக்கொள்ள இடமுண்டு. தொலைக்காட்சி நெடுந்தொடரை மதிப்பிட இச்சிந்தனை பெரிதும் துணைபுரியும்.

இணையத் தொடர்களைப் பாராட்டுவோர் பலர், அவற்றிற்கு முந்திய தொலைக்காட்சித் தொடர்களை ‘இழுவை’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு முறையானதா என்பதை இரு படைப்புகளைக் கொண்டு நோக்குவோம். ஒன்று, திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மெட்டி ஒலி’. மற்றொன்று, புஷ்கர்-காயத்ரி இணையர் உருவாக்கி 2022 ஜூன் 17ஆம் நாள் அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்த ‘சுழல்’ தொடரின் முதற்பருவம்.

செவிக்குரிய நாடகம்

‘மெட்டி ஒலி’ 800க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கொண்டது. தாயில்லா ஐந்து பெண்மக்களையும் கரைசேர்க்கச் சிதம்பரம் படும் பாடும், மணமான பின் அப்பெண்கள் புகுந்த வீடுகளில் எதிர்கொள்ளும் இன்னல்களும் அதன் கதை. இந்நீளத்திற்கு வணிகக் காரணம் ஒன்றுண்டு. அக்காலச் சன் தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றில், தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்திற்குக் கட்டணம் செலுத்தி, அந்நேரத்து விளம்பரங்களை விற்று வருவாய் ஈட்டும் முறை நிலவியது. நன்றாக ஓடும் தொடரை முடிப்பது, வருவாயை முடிப்பதாகவே அமைந்தது.

ஆனால் நீளத்திற்குக் காரணமான வணிகம் மட்டுமே வடிவத்திற்கும் காரணமாகிவிடாது. அந்நாடகம் சென்றடைந்த இடம் வீட்டுக் கூடம். அங்கு ஒருவர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். ஒருவர் துணி மடித்துக்கொண்டிருப்பார். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். கண் எப்பொழுதும் திரையில் இராது, செவி இருக்கும். ஆகவே, மாந்தர் தம் எண்ணத்தை வாய்விட்டு உரைக்கின்றனர். நடந்ததை மற்றொருவருக்கு மீண்டும் சொல்கின்றனர். இரண்டு நாள் பாராதவரும் மூன்றாம் நாள் கதைக்குள் நுழைய வழி கிடைக்கின்றது. தொடரின் பெயரே ஓர் ஓசையின் பெயராக அமைந்திருப்பது பொருத்தமானதாகும்.

இங்கு இரு கூறுகளை வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். ஒன்று மீள்கூறல், மற்றொன்று ஒத்திப்போடுதல். ஒரு மகளின் வீட்டுத் துன்பம் தந்தைக்கும் ஏனைய மகளிருக்கும் ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, செய்தி ஒன்றே. கேட்பவர் மனம் வேறு. அச்செய்தியை ஒருவர் மறைப்பதும், ஒருவர் வெகுள்வதும், ஒருவர் விழுங்கிக்கொள்வதும் பண்புவிளக்கமாகின்றன. இது மீள்கூறல். உண்மை அறிந்த ஒருவர் வாய் திறக்கும் வேளையில் வேறொருவர் வந்து குறுக்கிட, அவ்வுண்மை வாரக்கணக்கில் தள்ளிப்போவது ஒத்திப்போடுதல். முன்னது கேட்போரை நோக்கியது. பின்னது விளம்பரதாரரை நோக்கியது. 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்ட ‘கோலங்கள்’ தொடரில், அபிக்கும் ஆதிக்குமான பகை ஓயாது நீண்டமைக்குப் பின்னதே பெருங்காரணம் எனலாம். ‘இழுவை’ என்னும் சொல் இவ்விரண்டையும் பிரித்தறியாமையே அதன் குறையாகும்.

கண்ணுக்குரிய நாடகம்

‘சுழல்’ எட்டே பகுதிகளால் ஆனது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அத்தொடரில், சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் சிமெண்ட் தொழிற்சாலை எரிகின்றது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகின்றாள். ஆய்வாளர் ரெஜினாவும் துணை ஆய்வாளர் சக்கரையும் துப்புத் துலக்க, மயானக்கொள்ளைத் திருவிழா ஊரெங்கும் நடந்தேறுகின்றது.

எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின. பார்வையாளர் தனித்திருந்து, பல வேளைகளில் செவிப்பொறி அணிந்து, கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ பார்க்கக்கூடியவர். வேண்டின் நிறுத்தலாம், பின்னோக்கிச் செல்லலாம். எனவே மீள்கூறல் தேவையற்றதாகின்றது. ஒரு தடயத்தைக் காட்சியின் மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிட முடிகின்றது. குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் கூடத்தில் பேசத் தயங்கும் குழந்தைப் பாலியல் வன்கொடுமையை இத்தொடர் மையப்பொருளாக்க முடிந்தமைக்கும் தனிமைப் பார்வையே துணைநின்றது எனலாம். இது மறுக்கவியலாத ஆக்கமாகும்.

எனினும், ஒத்திப்போடுதல் இங்கும் ஒழியவில்லை. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் தாவுகின்றது. அவருள் சிலர் ஒரு பகுதியளவே குற்றவாளியாகத் தோன்றி விலகுகின்றனர். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட நூலில், தொலைக்காட்சி தனித்தனி நிகழ்ச்சிகளாக அன்றித் தொடர் ஓட்டமாகவே வந்தடைகின்றது என விளக்கினார். அடுத்த பகுதி தானே தொடங்கும் ஏற்பாட்டின்வழி அவ்வோட்டத்தை இணையத்தளம் மீட்டெடுத்துள்ளது. விளம்பர இடைவேளைக்கு முன் வைத்த கொக்கி இப்பொழுது பகுதியின் கடைசி நிமிடத்தில் வைக்கப்படுகின்றது. இடம் மாறியதேயன்றி நோக்கம் மாறவில்லை.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. ‘மெட்டி ஒலி’யில் கூட்டம் திரைக்கு வெளியே, கூடத்தில் இருந்தது. ‘சுழல்’ தொடரில் கூட்டம் திரைக்குள்ளே, திருவிழாவில் இருக்கின்றது, பார்ப்பவரோ தனியர். அங்காளம்மன் வழிபாட்டினர் நன்கறிந்த சடங்கு, அதனை அறியாத அயலார்க்குக் காட்சிப்பொருளாக விரிகின்றது. தொடர் 30க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல்மாற்றமாகவோ துணையெழுத்தாகவோ சென்றது. கதையின் பெரும்பாரத்தைக் காட்சி சுமப்பதால் மொழியை மாற்றினும் நாடகம் சிதைவதில்லை. படைப்பாளருக்கு இது வெற்றி. தமிழாசிரியருக்கோ இது ஒரு வினா.

நம் சூழல்

1996இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆஸ்ட்ரோ வழியாகத் தமிழகத் தொடர்கள் மலேசியத் தமிழர் இல்லங்களை நாள்தோறும் வந்தடைந்தன. அவற்றைப் பாட்டி பார்த்தார். பேரப்பிள்ளை பார்க்கவில்லை, ஆனால் கேட்டது. உறவுமுறைச் சொற்கள், மூத்தோரை விளிக்கும் முறை, பழமொழி, ஏசல், இரங்கல் என வீட்டுப் பேச்சில் அருகிவந்த பலவும் அச்செவிவழி உட்புகுந்தன. அத்தமிழ் முழுவதும் நற்றமிழ் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒருவர் பார்க்க, மூவர் கேட்கும் வாய்ப்பு அங்கிருந்தது. மறுநாள் வரை காத்திருந்தமையால், “இனி என்ன ஆகும்?” என்னும் உரையாடலும் தமிழிலேயே நிகழ்ந்தது. செவிப்பொறி அணிந்த பார்வையில் கேட்போர் ஒருவரே. அவரவர் ஒவ்வொரு பகுதியில் நிற்பதால், கதையை வெளிப்படுத்திவிடுவோமோ என்று அஞ்சி உரையாடலும் அடங்கிவிடுகின்றது.

முடிவுரை

நெடுந்தொடரும் இணையத் தொடரும் தத்தம் கேட்போராலும் களனாலும் காலத்தாலும் உருப்பெற்றவை. ஒன்றன் அளவுகோலால் மற்றதை அளப்பது திறனாய்வாகாது. மீள்கூறலைப் போற்றவும் ஒத்திப்போடுதலைக் கண்டிக்கவும் இரண்டிடத்தும் நாம் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

வகுப்பறையில் இதனை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். ‘மெட்டி ஒலி’யின் ஒரு காட்சியைத் திரையை மறைத்துக் கேட்கச் செய்க, ‘சுழல்’ தொடரில் மாணவர் அகவைக்கு ஏற்ற ஒரு காட்சியை ஒலியை அடக்கிப் பார்க்கச் செய்க. இரண்டிலும் கதை எவ்வளவு விளங்கிற்று என எழுதச் சொன்னால், தமிழ் எங்கே கதையைச் சுமக்கின்றது, எங்கே உடன் வருகின்றது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். கூடம் மீண்டும் பழையபடி நிறையுமா என்பது நம் கையில் இல்லை. ஒரே காட்சியைப் பலர் கூடிக் கேட்டு, அதனைப் பற்றித் தமிழில் வாதிடும் இடமாக வகுப்பறையை ஆக்குவது நம் கையில் உள்ளது.