விளம்பரத்தின் முதுகு

பழைய பத்திரிகை விளம்பரம் என்று வாட்ஸப்பில் வந்து விழுகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு தைல டப்பா, ஒரு ரேடியோ பெட்டி, சோப்புக் கட்டியைக் கன்னத்தருகே பிடித்துச் சிரிக்கும் நடிகை. நாலு பக்கமும் சுத்தமாக வெட்டியிருக்கும். எந்த இதழ், எந்தத் தேதி, எத்தனையாவது பக்கம் என்று ஒன்றும் இருக்காது. கீழே 'அது ஒரு காலம்!' என்று ஒரு பெருமூச்சு. நானும் ஏழெட்டு வருடமாக விளம்பரம் சேர்க்கிறவன்தான். ஆனால் இதைச் சேகரிப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தேதி இல்லாவிட்டால் என்ன, விளம்பரத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாமே என்பார்கள். ஓரளவுக்குச் சொல்லலாம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு, மிஞ்சிப்போனால் அதையொட்டிய சில வருடங்கள். 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. சுவாரசியமான துப்பறியும் வேலைதான். ஆனால் சில கேள்விகளுக்கு இந்த உத்தேசம் போதாது. மாய மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1954இல் வந்தது. அணா விலையோடு ஒரு ஆண்மை லேகிய விளம்பரம் கையில் இருக்கிறது. சட்டத்துக்கு முன்னால் வந்ததா, சட்டம் வந்த பிறகும் துணிந்து போட்டார்களா? முதலாவது என்றால் அந்தக் காலத்து வழக்கம். இரண்டாவது என்றால் அந்தப் பத்திரிகையின் யோக்கியதைக்குச் சாட்சி. பக்கத்தின் மேலே இருந்த ஒரு வரியை வெட்டியதில் அந்த வித்தியாசமே போய்விட்டது.

அக்கம்பக்கமும் போய்விடுகிறது. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரவாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். கிழித்தது கதைக்காக. அதே தாளில் அச்சான விளம்பரத்தைப் பிரிக்க முடியாததால் அதுவும் கூடவே தப்பித்தது. நாம் இன்று அந்த நாவலை வெள்ளைத் தாளில், சந்தடியில்லாமல் வாசிக்கிறோம். அதன் முதல் வாசகர்கள் கடைவீதிக்கு நடுவே நின்று வாசித்தார்கள். தொடர்கதையைப் பற்றிப் பேசும் விமர்சனம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

கடைவீதி இல்லாவிட்டால் கதையும் இல்லை என்பது இன்னொரு விஷயம். எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்துதான் 1928இல் 'ஆனந்த விகட'னை வாங்கினார். 1893இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1908இல் 'ஆந்திர பத்திரிகை'யையும் தொடங்கினார். விகடனில் வரைந்த கோபுலு பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். எழுத்தையும் விளம்பரத்தையும் தனித்தனி அலமாரியில் வைப்பது நம் வசதிக்காக. அவை ஒரே வீட்டில்தான் குடியிருந்தன.

இப்போது அந்த வீட்டை இடித்துக் கதவு ஜன்னலை விற்கிறோம். நான் பார்த்த கடைகளில், முழு இதழைவிட வெட்டி ஃப்ரேம் போட்ட ஒற்றை விளம்பரத்துக்கு விலை கூடுதல். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஆள் வாங்குகிறார்கள், அவர் வெட்டுகிறார். அப்படி ஃப்ரேமில் வந்த ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் ஒரு சிறுகதையின் நடுப்பகுதி. ஒரு பெண் யாருக்கோ கடிதம் எழுத உட்கார்கிறாள். தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, கடிதத்தில் என்ன எழுதினாள் என்பதும் இல்லை. அந்த இதழின் வேறு பிரதி எங்காவது இருக்கலாம். எந்த இதழ் என்று தெரிந்தால்தானே தேடுவது?

முழு இதழ்களை வைக்க வீட்டில் இடம் எங்கே, மரக்கூழ்த் தாள் பழுத்து நொறுங்குகிறதே என்பது நியாயமான பதில். எல்லாரும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஆனால் முழுப் பக்கத்தைப் படமெடுக்கவும் அதே செல்போன்தான், அதே ஒரு நொடிதான். பக்கத்தின் இரண்டு புறமும், இதழின் அட்டை, தேதி உள்ள பக்கம் என நாலு படம். கோப்பின் பெயரிலேயே இதழும் தேதியும் பக்க எண்ணும். மென்பொருள் வேலையில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம்.

ஃப்ரேம் போட்டது பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. வாங்கும் முன் கடைக்காரரிடம், "மீதி புத்தகம் எங்கண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் மீதியையும் எடுத்துவைப்பார்.